எதிர்க்கடைச் சாவி

1

காலை ஆறு பத்து. சமையலறை மேடையில், காபித்தூள் டப்பாவின்மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெளிச்சக் கோடு. சேலத்தில் அப்போது ஒன்பது நாற்பது. எங்கள் கடையின் ஷட்டர் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது. கோடு மெல்ல அகலமாயிற்று. அதில் இரண்டு ஜோடி கால்கள் தெரிந்தன. இரண்டிலும் ஷூ.

என் அண்ணன் லூர்துசாமி தன் அறுபத்திரண்டு வயதில் ஒரு நாளும் ஷூ போட்டதில்லை. ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய வேட்டி, கடையைத் திறந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார். இவர்கள் ஷூவோடு உள்ளே வந்தார்கள்.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவள் வேலைக்காகத்தான் வந்தோம். சாயங்காலம் கேக் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஐந்தரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மகள் ரீனா தூங்கிக்கொண்டிருந்தாள். சேலத்தில் பதினேழு வருடம் பத்திரிகை நிருபராக இருந்த நான் இங்கே ஒரு பார்சல் கிடங்கில் மதிய ஷிப்டில் பொட்டலங்களைப் பிரித்து அடுக்குகிறேன். அதனால் காலை நேரம் எனக்குச் சொந்தம். காபி குடித்துக்கொண்டே அண்ணன் கடை திறப்பதைப் பார்ப்பது பழக்கம்.

கடை என்றால் கயிறு, தார்ப்பாய், வாளி விற்கும் கடை. சேலம் கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா ஆரம்பித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் கடைக்குள்ளேயே தலைசுற்றி விழுந்து, ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு நான் கேமரா வாங்கி அனுப்பினேன். பின்சுவரில் இருந்து ஷட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. நேரலை மட்டும்தான். பதிவாகும் கார்டை அண்ணன் பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டார். "நம்மளையே நாம எதுக்குடா படம் புடிச்சு வெக்கணும்?"

வந்தவர்களில் ஒருவன் கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. அதிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி சுவரில் விழுந்தது. தேங்காய்நார்க் கயிற்றுச் சுருள்களின்மேல் ஏறி, நைலான் கட்டுகளைத் தாண்டி, இருதய ஆண்டவர் படத்தின்மேல் நின்றது. ஆண்டவரின் நெற்றிக்குச் சற்று மேலே. கருவி வைத்திருந்தவன் ஒரு எண்ணைச் சொன்னான். மற்றவன் எழுதிக்கொண்டான். இப்படி நான்கு சுவரும், பிறகு உயரம். எதையும் தொடவில்லை. ஒரு வாளியை மட்டும் காலால் நகர்த்தி, வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே வைத்தார்கள். பதினோரு நிமிடம். ஷட்டர் இறங்கியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

பார்த்ததை மட்டும் முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த செய்தி ஆசிரியர் சொல்வார். நோட்டில் எழுதினேன்: "9.40 முதல் 9.51. இருவர். அளந்தார்கள். பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி."

2

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கண்ணா?"

"அஸ்தம்பட்டில. ரத்தம் குடுத்தாச்சு. இட்லியும் தின்னாச்சு, மறுபடியும் குடுக்கணுமாம். இவனுங்க மாசா மாசம் உறிஞ்சறதுல எனக்குச் சக்கரையே இருக்காது. என்னடா விசேசம்?"

"கடைய யாரு தொறந்தா?"

"நான் இங்க குந்தியிருக்கறப்ப யாருடா தொறப்பா? உனக்கு இன்னும் தூக்கம் தெளியல."

பார்த்ததைச் சொன்னேன். பின்னணியில் ஒரு பெண் டோக்கன் எண்களைக் கூப்பிடுவது கேட்டது. அண்ணன் எண்ணும் அதில் வந்திருக்க வேண்டும். அவர் எழுந்ததாகத் தெரியவில்லை.

"சாவி என் இடுப்புல இருக்குதுடா," என்றார். பிறகு, "இன்னொண்ணு பாய்கிட்ட இருந்துச்சு."

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் சந்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. ஒன்று கடைக்காரரிடம். மற்றொன்று எதிர்க்கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில். வீட்டில் அல்ல, பக்கத்துக் கடையில் அல்ல, எதிர்க்கடையில். உங்கள் ஷட்டரை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது காரணம். தீப்பிடித்தால், மழைத்தண்ணீர் புகுந்தால், கடைக்காரர் வழியில் எங்காவது விழுந்துவிட்டால் எதிர்க்கடைக்காரர் திறப்பார். கடை திறப்பு நாளன்று வெற்றிலை பாக்கோடு சாவியைக் கொடுப்பார்கள். பத்திரம் கிடையாது. அப்பா காலத்தில் சந்தில் இருபத்திரண்டு கடைகள். எல்லோர் ஆணியிலும் எதிராளியின் சாவி தொங்கியது.

எங்களுக்கு எதிர்க்கடை கரீம் பாயின் கைலிக் கடை. அவர் சாவி எங்கள் ஆணியில், எங்கள் சாவி அவர் ஆணியில். முப்பத்தொரு வருடமாக.

கடந்த மே மாதம் பாய் கடையை விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்று சந்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "பார்ட்டி" என்று மட்டும் சொல்கிறார்கள். பாய்க்கு முன் அவர் வரிசையில் எட்டுக் கடைகளையும் அதே பார்ட்டிதான் வாங்கியது. எங்கள் வரிசையில் ஆறு. வாங்கிய கடைகளில் எதையும் திறக்கவில்லை, இடிக்கவும் இல்லை. ஷட்டர்களில் ஒரே மாதிரிப் புதுப் பூட்டு. சந்தில் இப்போது காலையில் உயரும் ஷட்டர்கள் ஏழு.

3

கரீம் பாய் அம்மாபேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. அன்றே பேசினேன்.

"சேவியரு! என்னப்பா, குளிரு எப்படி இருக்கு? கறி கிறி கிடைக்குதா?"

"எல்லாம் கிடைக்குது பாய். ஒரு விசயம் கேக்கணும். கடைய ஒப்படைக்கிறப்ப எங்க சாவிய என்ன பண்ணுனீங்க?"

பாய் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரையோ அதட்டினார்.

"ஆணியிலதாம்ப்பா இருந்துச்சு."

"எடுக்கலயா?"

"கடைசி நாளு உங்கண்ணன் வந்தான். ரெண்டு பேரும் டீ குடிச்சோம். ஒரு மணி நேரம் குந்தியிருந்தான். கை ஆணிகிட்டப் போச்சுப்பா, பொய் சொல்லல. சாவிய எடுத்துக் கையில குடுத்தா அவன் என்ன நெனைப்பான்? இத்தன வருசத்தையும் பாய் ஒரே நாள்ல கழட்டிக் குடுத்துட்டாருன்னு நெனைக்க மாட்டானா? அவனே கேக்கட்டும்னு விட்டேன். அவன் கேட்டிருக்கணும்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க ஆளு வந்து நின்னான். கல்லாப்பெட்டி, பேனு, பெஞ்சு எல்லாம் அப்படியே இருக்கட்டும்னான். அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். ஆணியும் அப்படியே." அவர் குரல் தேய்ந்தது. "யா அல்லா. அந்த ஆணியில உங்கது மட்டும் இல்லப்பா. மூலைக்கடை விளக்குத்திரிக்காரரு சாவியும் கெடந்துச்சு. அவருக்கு எதுத்த கடைய வித்தப்புறம் எங்கிட்டத்தான் குடுத்து வெச்சிருந்தாரு."

அண்ணனிடம் கேட்டேன், கடைசி நாளில் நீ ஏன் கேட்கவில்லை என்று.

"கடைய வித்துட்டுக் கண்ணு கலங்கி உக்காந்திருக்கற மனுசன்கிட்ட, எஞ் சாவியக் குடுன்னு கேக்கச் சொல்றியா? கேட்டா என்ன அர்த்தம்? உன்ன நம்பலன்னு அர்த்தம். பாயே எடுத்துக் குடுத்திருக்கணும்."

இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். சாவி ஆணியில் தங்கிவிட்டது.

4

அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். போகச் சொன்னது நான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வரிசையாகக் கேட்டாராம்.

"ஏதாச்சும் திருடு போயிருக்குதுங்களா?"

"இல்லிங்க."

"பூட்டு?"

"நல்லா இருக்குதுங்க."

"பாத்தது யாரு?"

"என் தம்பிங்க."

"அவர வரச் சொல்லுங்க."

"அவன் ஜெர்மனில இருக்கானுங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். குறை சொல்ல முடியாது. நான் என் பழைய நிருபர் நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைச் செய்தியாகப் போட்டிருக்க மாட்டேன். படம் இல்லை, ஆள் பெயர் இல்லை, சேதம் இல்லை.

இங்கே நான் ஒன்றை எழுதியாக வேண்டும். அண்ணனுக்குத் தெரியாமல் வைத்திருந்தது. கட்டடம் அப்பாவுக்குப் பின் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. விற்பதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஜூன் மாதம் எனக்கு ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. அனுப்பியவர் செங்கோடன், திருச்செங்கோட்டுக்காரர், பார்ட்டியின் புரோக்கர். என் எண்ணை நான் கொடுக்கவில்லை. பவர் பத்திரத்தின் நகல், பிராங்க்பர்ட் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கும் முறை, கொண்டுபோக வேண்டிய ஆவணங்களின் பட்டியல் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார். ஒன்பது வருடத்தில் அந்த அலுவலகத்தின் நடைமுறை எனக்கு ஒரு தடவைகூட முழுதாகப் புரிந்ததில்லை. அவர் எழுதியிருந்தது தெளிவாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து எந்த ரயிலில் போனால் நல்லது என்பதையும் எழுதியிருந்தார்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் போட்டேன். ஊரில் முடியாது என்பதை நாம் அப்படித்தான் சொல்வோம். செங்கோடனும் ஊர்க்காரர்தான். ஆனால் அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அளந்துவிட்டுப் போன மூன்றாம் நாள், அதே ஆறு பத்து வாக்கில், அவர் கேமராவில் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ஐம்பது வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எருமப்பட்டி லாரிக்காரர் பழனி கயிறு பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பழைய வாடிக்கை, லோடு கட்டும் கயிற்றுக்கு வேறு கடை ஏற மாட்டார்.

"வாங்க வாங்க," என்றார் அண்ணன், ஆள் யாரென்று தெரிந்தும்.

"ஏனுங்கண்ணா, நல்லாருக்கீங்களா? பாய் கடையச் சுத்தம் பண்றப்ப இது கெடந்துச்சுங்க." கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே எங்கள் சாவி. "உங்களுதாங்களா பாருங்க. அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்குங்க?"

அண்ணன் வாங்கிக்கொண்டார். டீ சொன்னார். நான் சமையலறையில் நின்றபடி கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"உள்ள வந்து அளந்தது யாருங்க?" என்று கேட்டது பழனி. அண்ணன் அல்ல.

"அளந்தாங்களா?" செங்கோடன் சுற்றிலும் பார்த்தார். "யாராச்சும் பசங்க எடம் மாறி வந்திருப்பாங்க சாமி. எல்லா ஷட்டரும் ஒரே மாதிரித்தானுங்களே."

"மத்த ஷட்டருக்கெல்லாம் புதுப் பூட்டுங்க. இது ஒண்ணுதான் தாத்தா காலத்துப் பூட்டு. கண்ணு தெரியாதவன்கூட மாறி வர மாட்டானுங்க," என்றார் பழனி.

செங்கோடன் சிரித்தார். டீயை முடித்தார். பிறகு அண்ணனிடம், "பாய் கடைச் சாவி உங்ககிட்ட இருக்குமுங்களே?"

அண்ணன் எழுந்து ஆணிக்குப் போனார். எடுத்தார். துண்டால் துடைத்துக் கொடுத்தார். செங்கோடன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாங்க பூட்ட மே மாசமே மாத்திட்டோமுங்க. சும்மா கேட்டேன்."

கிளம்பும்போது தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தம்பி பாத்துட்டு இருக்காருங்களா? வணக்கமுங்க சார். யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னீங்க. மூணு மாசமாச்சுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பழனி கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார். அண்ணன் கேமராவின் பக்கம் திரும்பினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் அவருக்கு எதுவும் தெரியாது, ஒரு கறுப்பு உருண்டையும் பச்சை விளக்கும்தான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் கயிற்றை அளக்கத் தொடங்கினார்.

5

ஒரு வாரம் அண்ணன் என் போனை எடுக்கவில்லை. கேமராவில் மட்டும் பார்த்தேன். திறக்கிறார், சாம்பிராணி போடுகிறார், உட்காருகிறார். மதியத்துக்கு முன் இரண்டு பேர் வந்தால் அதிகம். வருபவர்களும் வண்டியை எங்கே நிறுத்துவது என்று புலம்பிக்கொண்டே வருகிறார்கள். மேச்சேரியிலிருந்து ஆட்டுக்குக் கயிறு வாங்க வரும் ஒருவர் வாசலில் நின்று, போனில் வேறெங்கோ போட்டிருந்த விலையைக் காட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் கிடங்கில் என் வரிசையில் வந்த பொட்டலங்களில் மூன்று தார்ப்பாய்.

எட்டாம் நாள் அண்ணனே கூப்பிட்டார்.

"பூட்ட மாத்திட்டேன்."

"நல்லது பண்ணுன."

"நல்லதா? மூலைக்கடைக்காரரு பாத்துட்டு, என்ன லூர்து, பாய நம்பலயாங்கறாரு. அவரு சாவியும் அந்த ஆணியிலதான் கெடந்துச்சு. அத யாரு கைக்குட்டையில மடிச்சுக் கொண்டாந்து குடுத்தா? அவருக்கு இன்னும் தெரியவே தெரியாது." மூச்சு வாங்கினார். "சேவி."

"சொல்லுண்ணா."

"யோசிச்சுச் சொல்றேன்னியாமே."

"முடியாதுன்னுதாண்ணா சொன்னேன்."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லணும்டா. எழுதிப் பொழைச்சவன்தானே நீ?"

கையிலிருந்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"புதுப் பூட்டுக்கும் ரெண்டு சாவி குடுத்திருக்கான்," என்றார். "எதுத்தாப்புல யாரும் இல்ல. பழனி என்னமோ, எருமப்பட்டிக்கு எடுத்துட்டுப் போயி மாட்டுக் கழுத்துல கட்டறேங்கறான். சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரல."

அதோடு வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்துச் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த உறை ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, பொருளின் விவரமும் மதிப்பும் குறிப்பிடப்படவில்லை, நேரில் வரவும். லீவு போட்டுவிட்டுப் போனேன். படிவத்தில் பொருள் என்ற இடத்தில் அண்ணன் தமிழில் "சாவி 1" என்று எழுதியிருந்தார். மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு.

அதிகாரி இளம்பெண். உறையை என் முன்னாலேயே பிரித்தாள். சாவி, நூலில் கட்டியது. கடிதம் இல்லை.

இது எதைத் திறக்கும் என்று கேட்டாள். என் அண்ணன் கடையை என்றேன். அண்ணன் கடைச் சாவி உங்களுக்கு எதற்கு என்றாள். எதிரே இருப்பவரிடம் இரண்டாவது சாவி இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். ஒன்பது வருடம் வகுப்புக்குப் போயும், பதற்றமான இடத்தில் என்னை அந்த மொழி கைவிட்டுவிடும். எதிரிகளிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன் என்பது அவள் நிமிர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு தாள் கேட்டு வாங்கினேன். இரண்டு கட்டம் வரைந்தேன். நடுவில் சந்து. இது எங்கள் கடை, இது எதிர்க்கடை, இங்கே சாவி தொங்கும்.

அவள் இரண்டாவது கட்டத்தின்மேல் பேனாவை வைத்தாள். "அப்படியானால் இங்கே இருப்பது நீங்களா?"

"ஆமாம்," என்றேன்.

மதிப்புக் கட்டத்தில் தானே எதையோ எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

6

வீட்டு வாசலில் சாவி மாட்டும் பலகையில் ரீனா அதற்கு இடம் ஒதுக்கினாள். அவள் சைக்கிள் சாவிக்கும் நிலவறைச் சாவிக்கும் நடுவில். பதினாலு வயது. ஐந்து வயதில் சேலத்தை விட்டு வந்தவள். பெரியப்பா கடையைப் பற்றிக் கேட்டால், கயிறு வாசனை மட்டும் நினைவிருக்கிறது என்பாள். கேள்வியை ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் மற்றவர் சொல்வதில் முக்கால் பங்கு புரியும்.

அந்தப் பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

சாவி வந்த அன்று செங்கோடனுக்கு எழுதினேன். "விற்க மாட்டோம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்." இரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்று நினைத்து ஆறு வார்த்தை ஆகிவிட்டது. நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது. கூப்பிய கைகளின் படமும் ஒரு வரியும் வந்தன. "நல்லதுங்க சார். குடும்பத்தாரை விசாரித்ததாகச் சொல்லவும்."

அண்ணனிடம் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "இப்பத்தான் நிருபர் மாதிரி எழுதியிருக்க," என்றார்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அளவு எடுக்க யாரும் வரவில்லை. செங்கோடன் வரவில்லை. மூலைக்கடை விளக்குத்திரிக்காரர் சாவியைப் பற்றித் தெரிந்ததும் இரண்டு நாள் கத்தினார், மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். உயரும் ஷட்டர்கள் ஆறு.

நேற்று ஸ்டெல்லாவுக்கு விடுமுறை. மூன்று பேரும் காலைச் சாப்பாட்டில் இருந்தோம். ஆறு பத்துக்கு ஷட்டர் உயர்ந்தது, அண்ணன் காலில் ரப்பர் செருப்பு, கழற்றினார், உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், சந்துக்கு அந்தப் பக்கம், வழக்கமாகத் தெரியும் பாய் கடை ஷட்டர் தெரியவில்லை. அந்த இடத்தில் வண்ணமாக ஏதோ இருந்தது. ஸ்டெல்லாவின் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணா அது?"

"ஒம்பது கடையும் மூடறாப்புல ஒரே நீளத்துக்குப் பிளெக்ஸு. ராத்திரியே கட்டிட்டுப் போயிருக்கானுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியல. போட்டோ எடுத்து அனுப்பறேன், நீயே படிச்சுச் சொல்லு."

போட்டோ வந்ததும் ரீனா கைபேசியை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினாள். வரப்போகும் வணிக வளாகத்தின் படம். நான்கு மாடி, கண்ணாடி முகப்பு, எதிரே அகலமான சாலை, நடந்துபோகும் குடும்பங்கள். சந்து இருப்பதாகவே தெரியவில்லை. அவள் படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தினாள். பிறகு மறுபடியும்.

"அப்பா," என்றாள், தமிழில். "பெரியப்பா கடை எங்க?"

படத்தில் எங்கள் வரிசை இருக்கும் இடத்தில் கார்கள் நின்றிருந்தன.